ராகு காலத்தில் புறப்பட்ட கார்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் அக்காவிடம் வாகனம் வாங்கியவர்கள். மிச்சப்பேர் ஏச்சு வாங்கியவர்கள். உடன்பிறந்த தம்பி என்ற முறையில் நான் இரண்டாவது கூட்டம். அப்படியிருந்தும் அவரைப் பற்றி எழுதக் கிடைத்ததைப் பெருமையாகவே நினைக்கிறேன்.

அக்கா கொடிகாமத்தில் பிறந்தார். சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்த அப்பாவின் பெரிய குரலும் பெரிய சிரிப்பும் அவருக்கு அப்படியே வந்திருந்தன. உடுவிலில் வாழ்க்கைப்பட்டு, அத்தான் இளவயதிலேயே காலமான பின், மாற்றுத்திறனாளிகளுக்கு வாகனம் விற்கும் கொம்பனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். காலால் மிதிக்காமல் கையாலேயே ஓட்டக்கூடிய கார், சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வான் எல்லாம் அங்கே உண்டு. "பொம்பிளைக்கு உது என்ன வேலை?" என்று கேட்ட உறவினர்களுக்கு அவர் சொன்ன பதிலை இந்த மலரில் அச்சிட முடியாது.

அக்கா விற்ற முதல் கார் அளவெட்டிக் கமலினிக்கு. போரில் இரண்டு கால்களையும் இழந்தவர், தையற்கடை நடத்துபவர். எங்கே போவதென்றாலும் தமையன் வந்து தூக்கி ஏற்ற வேண்டும். தமையனுக்கு நேரமில்லாத நாளில் கலியாணமும் இல்லை, கோயிலும் இல்லை. இனித் தானே போய்வர வேண்டும் என்று முடிவெடுத்து லைசென்சும் எடுத்துவிட்டார்.

கார் கொடுக்கும் நாளன்று, எங்கள் வழக்கப்படி நல்ல நேரம் பார்த்து, சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்து, கற்பூரமும் கொளுத்தியாயிற்று. கற்பூரத் தட்டுப் பிடிக்க அக்கா என்னையும் இழுத்து வந்திருந்தார். பட்டு வேட்டியோடு முன்னால் நின்ற தமையனின் கையில் அக்கா காரைக் கிளப்பும் திறப்பைக் கொடுத்தார். வழக்கம் அதுதானே!

"அக்கா, கார் ஆருக்கு? எனக்கோ, அண்ணைக்கோ?" என்றார் கமலினி.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை, என்ரை மூளை எங்கை போச்சுது!"

தமையன் திறப்பை விடவில்லை. "முதல் ஓட்டம் கோயிலடிக்கு நான் ஓடுறன். இவள் கொண்டுபோய் எங்கையாவது முட்டினால் ஆர் பாக்கிறது?" அண்ணனும் தங்கையும் வாக்குவாதப்பட, நல்ல நேரம் கழிந்து ராகு காலமும் தொடங்கிவிட்டது. "இனி இண்டைக்கு எடுக்கேலாது. காரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!" என்று தமையன் புறப்பட்டார்.

கமலினியின் முகம் வாடிவிட்டது. "இண்டைக்கு விட்டால் அண்ணை இனி என்னை ஓட விடார், அக்கா."

அக்கா தமையனின் கையிலிருந்து திறப்பைப் பறித்தே எடுத்தார். "ராகுவிட்டை லைசென்ஸ் இல்லைத் தம்பி. இவவிட்டை இருக்கு. ஏறும் பிள்ளை!"

கமலினி கைகளை ஊன்றித் தானே ஏறிக்கொண்டார். பின் சீற்றில் இருந்து நான் எத்தனை தெய்வங்களைக் கூப்பிட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். வழியில் ஒரு கோழிகூட எங்களை முந்திக்கொண்டு போனது. "மெல்லப் போம், கோயில் ஓடிப்போகாது" என்று அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். பிள்ளையார் வாசலில் கார் ஆடாமல் அசையாமல் நின்றது. மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்த தமையன் கதவைத் திறக்கப் போனார். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அன்றைக்குப் பிறகு அக்கா வாகனம் ஓட்டப்போகிறவரோடு மட்டுமே கதைப்பார். கூட வந்தவர்கள் வாய் திறந்தால் தேத்தண்ணி கொடுத்து வெளியே இருத்திவிடுவார்.

கடைசி மாதங்களில் நோய் அவரையும் சக்கர நாற்காலியில் இருத்தியது. கிளினிக்குக்குப் போக வானில் ஏற்றும்போது, "இந்தச் சரிவுப் பலகை சரியான செங்குத்து. சுகமாய் ஏறலாம் எண்டு பொய் சொல்லியெல்லோ வித்திருக்கிறன்!" என்று சிரித்தார். வலியோடுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பில்லாத வீட்டில் இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளை நடத்திய குருமாருக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் நன்றி. ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தியேட்டியன்று, கடலில் கரைக்க இருந்த அஸ்தியோடு எங்களைக் கீரிமலைக்கு ஏற்றிப் போனவர் கமலினி. நேர் வீதியில் போகாமல் காரை ஒழுங்கைகளுக்குள் திருப்பினார்.

"பிள்ளை, உது சுத்துப் பாதையெல்லோ? ஐயர் பாத்துக்கொண்டிருப்பார்" என்றேன்.

"தெரியும் அண்ணை. கெதியாப் போய்ச் சேர மனம் வரேல்லை."

அந்தச் சுற்றுப் பாதைக்கும் சேர்த்து, எங்கள் குடும்பத்தின் நன்றி.