எரியாத அடுப்பு

ஏற்காட்டில் நான் பாடம் நடத்திய சிறிய கிறிஸ்தவக் கல்லூரியில், விடுதிச் சமையலை பக்கத்துக் கிராமமான நாகலூரைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் பார்த்துக்கொண்டார். நெடிய உருவம், ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இழுத்துச் செருகியிருப்பார். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் "சாப்பிட்டியா கண்ணு?" என்று தமிழிலேயே கேட்பார்.

ஒருநாள் காலை, மியான்மர் மாணவி ஒருத்திக்குத் தாய் இறந்த செய்தி வந்தது. அங்கே சண்டை நடந்ததால் அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. மதியம் சமையலறையில் அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

"சமையல் இல்லீங்களா?" என்றேன்.

"எழவு ஊட்டுல அடுப்புப் பத்த வெப்பாங்களாங்க? அந்தக் கண்ணுக்கு இப்ப இதுதானுங்க ஊடு."

அவர் சொல்லியனுப்பியிருந்த சோறு, நாகலூரிலிருந்து ஜீப்பில் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் அவளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் அந்த மாணவியே தீப்பெட்டியை எடுத்து, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி அம்மாளின் கையில் கொடுத்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, எனக்கு இன்றும் தெரியாது.