வெல்லக் கொப்பரையில் நானும் ஆடும்

மெரினாவில் நின்று தூரத்துக் கப்பலைக் காட்டி மகள் கேட்டாள்: "அவ்வளவு இரும்பு எப்படிம்மா முழுகாம இருக்கு?"

எனக்கு எங்கள் ஊர் மானாம்பதியில் வெல்லம் காய்ச்சும் அகன்ற கொப்பரை ஞாபகம் வந்தது. நாலு ஆள் சேர்ந்து தூக்கும் இரும்பு அது. நான் சிறுமியாக இருந்தபோது, ஏரி உடைந்து தெருவுக்குள் வெள்ளம் வந்த ஒரு காலையில், என் அப்பா, நைனா, அதை மிதக்கவிட்டு எங்கள் சினையாட்டையும் என்னையும் உள்ளே ஏற்றினார். முந்தின வாரம்தான் நான் அரிவாளைக் கிணற்றில் போட்டு முழுக விட்டிருந்தேன். இதுவும் இரும்புதானே என்று பயந்து எழுந்து நின்றேன். கொப்பரை சாய்ந்து, தண்ணீர் உள்ளே வந்தது.

"குந்துமே! ஆடே சும்மா கீது, ஒனக்கு இன்னா?" கழுத்தளவுத் தண்ணீரில் விளிம்பைப் பிடித்தபடி நைனா கத்தினார்.

"அருவா மாதிரி முழுகிடும் நைனா!"

"அருவா ஒதுக்குன தண்ணி கொஞ்சம், முழுகிச்சி. இது வயித்த விரிச்சிக்கினு எம்மாந் தண்ணிய ஒதுக்குது பாரு! அந்தத் தண்ணிதான் தூக்குது. நான் சும்மா தள்ளிக்கினு வரேன்."

ஆட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கரை சேர்ந்தோம்.

இதைச் சொன்னதும் மகள் கேட்டாள்: "தாத்தாவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுடி. பாதி வழியில காலே தரைக்கு எட்டலையாம். தள்ளல, தொத்திக்கினுதான் வந்தாரு."