அவள் பெயரில் நான் வைத்த வரவு

கொரோனாவுக்குக் கம்பஸை மூடி, விரிவுரை எல்லாம் ஃபோனுக்குள் வந்தபோது நான் முதலில் செய்த வேலை, நாலு நிறப் பேனையால் ஒரு நேரசூசி எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியதுதான். மடவளையில் எங்கள் வீட்டில் இனி நானே மாணவி, நானே அதிபர். அதிபர் மிகவும் இளகிய மனசுக்காரி என்பது இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. பாடம் பதிவாகிறதுதானே, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு லீவு கொடுத்தாள்.

அந்தக் கூத்து என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஹொஸ்டலில் என்னோடு ஓர் அறையில் இருந்த கூட்டாளிக்கு வீடு ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. சிக்னலுக்காக அவள் தேயிலை மலையின் உச்சிக்கு ஏற வேண்டும். மழை பிடித்தால் அதுவும் இல்லை. பாடப் பதிவை இறக்கி முடிப்பதற்குள் சிக்னல் போய்விடும். புள்ளிவிபரவியல் அவளுக்கு முதலிலிருந்தே பயம். வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று அழுதாள்.

"உன்ட பாஸ்வேர்டத் தா," என்றேன். "உம்மாட ஃபோன்ல உன்ட பேர்ல நான் ஜொயின் பண்ணுறன். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பொறகு குப்பி போடுவம்."

குப்பி என்பது எங்கள் கம்பஸ் வழக்கம். பாடம் விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லிக்கொடுப்பது. ஹொஸ்டலில் அது தானாக நடக்கும், கட்டிலில் வந்து உட்கார்ந்தால் போதும். ஃபோனில் போடுவதென்றால் முதலில் நான் படித்திருக்க வேண்டும். இரண்டு வெள்ளி போட்டேன், பெருமையாகவும் இருந்தது. மூன்றாம் வெள்ளி தலைவலி என்றேன். "இந்த வாரம் இருக்கா?" என்று அதன் பிறகு இரண்டு தடவை மெசேஜ் அனுப்பினாள். அடுத்த வாரம் என்று பதில் போட்டேன்.

உம்மாவின் ஃபோன் மட்டும் கடமை தவறவில்லை. சமையலறை யன்னலில் சாய்ந்துகொண்டு தினமும் அவள் பெயரில் சேர்மாரின் பாடம் கேட்டது.

"மகள், ஒத்தரும் கேக்காம இந்த சேர் யாருக்குப் பேசிட்டு ஈக்காரு?" என்றார் உம்மா, தேங்காய் துருவிக்கொண்டே. நான் சிரித்தேன்.

பரீட்சைக்கு முன் கம்பஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. சிக்னல் இல்லாமல் பாடம் தவறியவர்களை மட்டும் கூப்பிட்டுத் தங்கவைத்து, இரண்டு வாரம் நேரில் படிப்பிப்பதாக அறிவித்தார்கள். வரவுப் பட்டியலைப் பார்த்தே ஆட்களை எடுத்தார்கள். அதில் அவளுடைய வரவு என்னுடையதைவிடக் கூடுதல். நான் பாதியில் எழுந்து போய்விடுவேன், உம்மாவின் ஃபோன் போகாது.

அன்றே அவள் ஃபோனில் கோல் எடுத்தாள். "லிஸ்ட்ல என் பேரு இல்ல," என்றாள்.

"சேருக்கு எழுதி உண்மையச் சொல்லட்டா?"

"சொன்னா ரெண்டு பேருமே மாட்டிக்குவோம். வேணாம், விடு."

வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. சேருக்குக் கடிதத்தை எழுதினேன், அனுப்பவில்லை. உதவி செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாதே என்பார்கள். நான் உதவி என்ற பெயரிலேயே உபத்திரவம் செய்தேன்.

பதிவுகளைக் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகப் பார்த்து நான் தப்பிவிட்டேன். அவள் ஃபெயில். அந்த ஒரு பாடத்தால் சிறப்புப் பட்டம் செய்யும் வாய்ப்பும் அவளுக்குப் போனது.

கம்பஸ் திறந்ததும் அடுத்த பெட்ச் பிள்ளைகளோடு அந்தப் பாடத்துக்குத் திரும்பப் போகத் தொடங்கினாள். "நோட்ஸ் எல்லாம் ஒழுங்கா எழுதித் தரட்டா?" என்று கேட்டேன்.

"வேணாம். நானே போயி உக்காந்துக்கிறேன்."

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு நாள் அந்த மண்டபத்தைக் கடக்கும்போது வாசலில் நின்று பார்த்தேன். முன்வரிசையில், தன்னைவிடச் சின்னவர்களுக்கு நடுவே இருந்தாள். வரவுத் தாள் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. தன் பெயரைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே அவளே கையெழுத்து வைத்தாள்.