ஆணியில் தொங்கிய கேபிள்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வரும்.

பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சீனியர் டெக்னீஷியனாக இருந்தேன். ஆழ்வார்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுக்கும் செல்வின் தன் மெஷினோடு வந்தார். எடிட்டிங் ஓடும்போது பாதியில் அணைந்துவிடுகிறதாம். பழைய பவர் சப்ளைக்குச் சக்தி போதவில்லை. கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையில் ஆயிரம் வாட் சப்ளை ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்த்து, பிடித்தால் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

"அண்ணே, இந்த டிஸ்க்குல ஒரு கல்யாணம் இருக்கு. கேமரா கார்ட அழிச்சாச்சு, வேற காப்பி கிடையாது. பாத்துச் செய்யுங்க" என்றார்.

அந்த டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பெட்டியோடு வந்த கேபிள்களில் தேவையானதை மட்டும் பிரித்து மாட்டினேன். பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒரே நேரத்தில் முழு லோடில் ஓடவிட்டு, பன்னிரண்டு வோல்ட் லைனில் மீட்டரை வைத்தேன். வோல்டேஜ் அசையவில்லை. ஃபேன் சத்தமும் அடக்கம். நல்ல சரக்கு என்று ஓனரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

எங்கள் ஓனருக்கு ஒரு பழக்கம். வாங்குகிறேன் என்று வாடிக்கையாளர் சொல்லும்வரை புதுப் பெட்டியின் கேபிள் பைகளைப் பிரிக்க விடமாட்டார். வேண்டாம் என்றால் புதுசு போலத் திருப்பி அனுப்பலாம் அல்லவா. சோதிப்பதற்கென்று பெஞ்சுக்கு மேலே ஆணியில் பழைய கேபிள்களைத் தொங்கவிட்டிருப்பார். நான் பிரித்ததற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் அந்தப்பக்கம் போனதும், வேறு கம்பெனிக் கேபிளை ஆணியிலிருந்து எடுத்து, செல்வினுக்கு ஓட்டிக் காட்ட அதில் அவர் டிஸ்க்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டுவிட்டார்.

டிஸ்க் பக்கம் எல்லாக் கேபிளும் ஒன்றுதான். சப்ளை பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் பின்களைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கும். சொருகினால் பொருந்தும், ஆனால் ஐந்து வோல்ட் போகவேண்டிய இடத்தில் பன்னிரண்டு போகும். அவரிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்தால் கருகல் வாடை. டிஸ்க் சுற்றவில்லை.

"டிஸ்க்குல என்னமோ கோளாறு. வாரண்டி இருக்குல்லா, புதுசு வாங்கித் தாரேன்" என்றார் ஓனர், கொஞ்சமும் கூசாமல்.

"புது டிஸ்க்குக்குள்ள அந்தக் கல்யாணம் இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டார் செல்வின்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. டிஸ்க்கில் கோளாறு இல்லை, கேபிள்தான் தப்பு என்று ஓனர் முன்னாலேயே செல்வினிடம் சொன்னேன். வோல்டேஜ் கூடினால் தான் கருகி மற்றதைக் காப்பாற்ற, டிஸ்க் போர்டில் ஒரு சின்ன டயோடு உண்டு. போனது அது மட்டும் என்றால், எடுத்துவிட்டால் டிஸ்க் ஓடலாம். ஆனால் வாரண்டி போய்விடும் என்பதையும் சொன்னேன்.

"கைய வைக்காதேயும்வே. வாரண்டி போச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்றார் ஓனர்.

"போனாப் போவுது. எடுங்க அண்ணே" என்றார் செல்வின்.

எடுத்தேன். சப்ளையோடு வந்த கேபிளில் மாட்டினேன். சுற்றியது. கல்யாணம் முழுவதும் வேறு டிஸ்க்கில் ஏறும்வரை செல்வின் அங்கிருந்து நகரவில்லை.

அவர் போனதும் ஓனர் அந்தக் கேபிளைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினார்.

"அதத் தூரப் போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"எதுக்குவே? கேபிள் நல்லாத்தான இருக்கு. டிஸ்க்கும் ஓடிட்டுல்லா."

மீட்டரையும் ஸ்க்ரூ டிரைவர்களையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இப்போது பேட்டையில் தனியாகக் கடை. சப்ளையை அதனுடைய கேபிளோடு மட்டும் சோதியுங்கள். அதற்கு விடாத இடத்தில் வேலைக்கு நிற்காதீர்கள்.