அனுமதி வராத கல்லூரியில்

கல்லூரியில் பாடம் சொல்வது பாதி வேலை. பாடம் சொல்ல அந்தக் கல்லூரிக்கு உரிமை உண்டா என்று கவலைப்படுவது மீதி வேலை. இந்த மீதியைப் பற்றி வேலையில் சேரும்போது யாரும் சொல்வதில்லை என்பது, என்னைப் போலப் பாடம் சொல்லிப் பிழைக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

விதியில் இல்லாத தடை

தென்காசியில் அரிசி மில் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், குற்றாலத்தில் இருந்த தம் பங்களாவில் கல்லூரி தொடங்கினார். பி.ஏ. படிக்கலாம் என்று வாசலில் பலகை தொங்கியது. பட்டம் கொடுப்பதோ பல்கலைக்கழகம். அது வந்து பார்த்து அங்கீகாரம் கொடுத்தால்தான் மாணவர்கள் பரீட்சை எழுத முடியும். அண்ணாச்சி மனுவைப் போட்டுவிட்டு, பதில் வருமுன்பே வகுப்புகளைத் தொடங்கிவிட்டார். ஆனர்ஸ் படித்தவர்களே பாடம் சொல்ல வேண்டும் என்பது விதி. அப்படிப் படித்த ஆண்கள் அங்கீகாரமில்லாத இடத்துக்கு வர இசையாததால், ஆனர்ஸ் படித்த பெண்ணான என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் கேட்டதற்கெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். ஆண்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இது சரிப்படுமா என்று அண்ணாச்சியின் தம்பி இழுத்தார். அண்ணாச்சி விதிப் புத்தகத்தைத் தட்டினார். “முழுசும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டேம்லே. பொம்பளை கூடாதுன்னு இதுல எங்கனயும் போடல.”

இலஞ்சியிலிருந்து வந்தவர்

மாணவர்களில் சுடலைமுத்து என்னைவிட ஓரிரு வயதே இளையவர். இண்டர்மீடியட் தேறியதும் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்துவிட, படிப்பு நின்றது. விடிகாலையில் குத்தகை வயலைப் பார்த்து, தகப்பனாருக்குக் கஞ்சி புகட்டிவிட்டு, இலஞ்சியிலிருந்து நடந்து வருவார். வெளியூரில் தங்கிப் படிக்க அவருக்கு வழியில்லை. பி.ஏ. ஆனால் பள்ளிக்கூட உத்தியோகம் கிடைக்கும். ஆகாவிட்டால் காலம் முழுவதும் அந்தக் குத்தகை வயல்தான்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றார். “டீச்சர், அங்கீகாரம் வந்துரும்லா?” என்றார். வரும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, கேட்டிருக்கிறார்கள் என்றேன். “கேட்டிருக்குன்னு வீட்டுல சொல்ல முடியாது டீச்சர். வந்துட்டுன்னுதான் சொல்லியிருக்கேன்.”

எல்லைக்கு அந்தப்புறம்

பல்கலைக்கழகம் ஒரு குழுவை அனுப்பும் என்று கடிதம் வந்தது. கட்டடம் வருஷம் முழுவதும் கல்லூரிக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்றும் அதில் இருந்தது. குற்றால சீசனில் அந்தப் பங்களா சும்மா இருந்ததில்லை; அண்ணாச்சி யோசித்தார். பக்கத்துச் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். பலகையை அங்கே மாட்டினால் இந்தச் சட்டம் எட்டாது என்றார். திருவிதாங்கூருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் கிடையாது, அங்குள்ள கல்லூரிகளும் இதே பல்கலைக்கழகத்தைத்தான் கேட்க வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னேன். அண்ணாச்சி கடிதத்தை மடித்தார். “அப்போ அந்த மகாராஜாவும் நம்மள மாதிரிதானா.”

சீசனில் வந்த குழு

சாரல் தொடங்கியது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு பங்களாவில் அறை விடுவது அண்ணாச்சி வீட்டுப் பழைய வழக்கம். வருஷந்தோறும் வருகிற குடும்பங்களிடம் இந்த வருஷம் இடமில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வகுப்புகளை ஒரே அறைக்குள் ஒடுக்கினோம். ஐந்தருவியில் குளிக்கும் ஆசை பரிசோதகர்களுக்கும் இருந்திருக்க வேண்டும்; குழு அந்த மாதமே வந்துவிட்டது.

நூலகத்தில் புத்தக அலமாரிகளின்மேல் ஈர வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. வகுப்பறை பெஞ்சியில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய மதுரை வக்கீல் ஒருவர் ஊறிக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற சுடலைமுத்துவின் முகத்தை நான் பார்க்கவில்லை. தாங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். வக்கீல் எழுந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். “நான் வருஷா வருஷம் வாறவன் சார். இந்தக் கல்லூரிதான் புதுசா வந்திருக்கு.”

வந்த பதில்

அங்கீகாரம் இல்லை என்று பதில் வந்தது. அதுவரை வகுப்பில் உட்கார்ந்த நாட்களும் கணக்கில் சேரா. மாணவர்கள் முன்னால் நின்று அதை வாசித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணாச்சி நல்ல மனிதர். கண் கலங்க, நானே ஒரு பட்டம் அச்சடித்துக் கொடுக்கிறேன் என்றார். சுடலைமுத்து கும்பிட்டு, வேண்டாம் என்றார்.

சாரலில் வாசல்வரை அவர்கூட நடந்தேன். படித்தது வீண்போகாது என்று ஏதோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “படிச்சது மனசுல இருக்கு டீச்சர். வேலை கேக்குற இடத்துல மனசைத் தொறந்து காட்ட முடியாதுல்லா.”

மறுநாள் அண்ணாச்சி வாசல் பலகையைக் கழற்றிவிட்டார். ஒரு கல்லூரியைத் திறக்கத்தான் அனுமதி வேண்டும், மூடுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதே அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட விதி.