கோடு போட்ட மூக்குக் கண்ணாடி

தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடந்து நான் மூக்குக் கண்ணாடி விற்றது ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. அதற்கு முன் மாட்டு வண்டியோடு போனேன், வெலிமடையில் மண் வெட்டினேன். எதிலும் கால் தரிக்கவில்லை. பதுளையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்து, "மூணாங் கிளாஸ் படிச்சவனுக்கு இது போதும்" என்றார். சீமைக்குத் திரும்பும் துரைமார் ஏலத்தில் விட்டுப்போன பழைய கண்ணாடிகள் அதில் இருந்தன. ஒன்றில் மட்டும் இரண்டு வில்லைகளிலும் குறுக்கே ஒரு கோடு. விரிசல் என்று நினைத்து யாரும் அதைத் தொடவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நமுனுகுல மலைச் சரிவில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒரு லயத்தில் மழைக்கு ஒதுங்கினேன். அங்கே குடியிருந்த கவ்வாத்துக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்துவிடும் வேலை அவருடையது. கிளை ஒரே வெட்டில், சாய்வாக விழ வேண்டும். பிளந்தால் மழைத் தண்ணீர் இறங்கிச் செடி பட்டுப்போகும். அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கை தளரவில்லை, வெள்ளெழுத்து வந்துவிட்டது. பல செடிகள் பிளந்துபோயிருந்தன. மறுநாள் துரை மலைக்கு வருவார், அவர் முன்னால் ஒன்று கெட்டாலும் வேலைப் பதிவில் பேரை வெட்டிவிடுவார் என்று கங்காணி சொல்லியிருந்தார். பேர் போனால் லயத்து அறையும் போகும். கவ்வாத்துக்காரரின் மனைவி பாத்திரங்களை அப்போதே சாக்கில் கட்டி வைத்திருந்தார்.

முதலில் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கத்தி தெரிந்தது. வெளியே மலை கரைந்துபோனது.

"இதோட சரிவுல நடந்தா நேரா ஆத்துலதான் தம்பி போய் நிப்பேன். சேத்துக் கையால செடிக்குச் செடி கழட்டி மாட்டவும் முடியாது."

வேறு வழியில்லாமல் கோடு போட்டதை எடுத்தேன். ஒரு தேயிலைக்கு மேலே பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோட்டுக்கு மேலே இலை உள்ளபடி இருந்தது. கீழே அதன் நரம்பெல்லாம் தடித்துத் தெரிந்தன. விரிசல் இல்லை. தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு வில்லைகளை ஒரே வளையத்துக்குள் வைத்திருந்தார்கள்.

அவர் மாட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், சிரித்தார். வாசலில் இறங்கியவர் படி தப்பிச் சேற்றில் உட்கார்ந்தார்.

"ரெண்டு கண்ணாடி போட்டா ரெண்டு தடவ விழணுமாக்கும்!" என்றார் மனைவி.

நான் வாங்கிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் பார்த்தேன். கண்ணை மட்டும் தாழ்த்தினால் பார்வை கீழ் வில்லையில் விழுகிறது. ஆனால் நிலம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததால் மங்கிப்போகிறது. காலடியைப் பார்க்க மோவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையையே குனிய வேண்டும். கையில் இருப்பதைப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். சொன்னதும் அவர் லயத்தின் நீளத்துக்குத் தலையைக் குனிந்து நடந்து பழகினார்.

"கல்யாணத்தன்னைக்கிக்கூட மனுசன் இப்பிடித் தல குனியல" என்றார் மனைவி.

வேலை நடந்தால் கண்ணாடிக்கு இரண்டு சேவல் என்று பேசியிருந்ததால் மறுநாள் நானும் மலைக்குப் போனேன். காலையெல்லாம் வெட்டு சுத்தமாக விழுந்தது. பிறகு துரை வந்தார். எல்லோரும் தலைத்துணியை அவிழ்த்துக் குனிந்து நின்றார்கள். துரை கைத்தடியால் ஒரு கிளையைக் காட்டினார்.

கவ்வாத்துக்காரர் கத்தியை எடுத்து மோவாயைத் தூக்கினார்.

"ஏய்! தொரைக்கு முன்னால என்னடா மொகத்தத் தூக்குற? எறக்கு!" என்று கங்காணி கத்தினார்.

அவர் இறக்கினார். ஓங்கிய கத்தி அப்படியே நின்றது. மேல் வில்லையில் கிளை மங்கிப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எறக்குனா தெரியாதுங்க" என்றார் அவர். "வெட்டவா, கும்புடவா? ஒண்ணு சொல்லுங்க."

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் மோவாயைத் தூக்கி, ஒரே இழுப்பில் வெட்டினார். துரை வெட்டுவாயைப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் மோவாயைத் தூக்கினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கடிகாரம் பார்க்கும்போதும் அவர் இப்படித் தூக்குவாராம், துரைத் திமிர் என்று லயத்தில் பேச்சு. வெயில் பட்டபோது அவர் கண்ணாடியிலும் குறுக்கே அதே கோடு மின்னியது.

இருவரும் ஒரே செடியின் மேல், ஒரே மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். துரை இவருடைய கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல வெட்டு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அடுத்த நிரைக்கு நடந்தார்.

கங்காணி பின்தங்கி நின்று, "அவரு தூக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

சாயங்காலம் கவ்வாத்துக்காரர் தலையைக் குனிந்தபடி படியிறங்கி வருவதைப் பார்த்ததும் மனைவிக்கு முகம் வாடிப்போனது. "போச்சா?" என்று கேட்டார்.

"படியப் பாக்குறேன்டி" என்றார் அவர்.

அந்த அம்மா சாக்கை அவிழ்த்துச் சட்டியை வெளியே எடுத்தார். எனக்குத் தருவதாகச் சொன்ன சேவல்களில் ஒன்று அன்றே அடுப்பேறியது. நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.