கவுன்சிலரிடம் கொண்டுபோன அடைப்பு

இதெல்லாம் தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப் போகிறது? ஒரு கிழவிக்குச் சோறு இறங்காமல் போன கதையில் என்ன ருசி கண்டீர்கள்? வேறு வேலை இல்லையா? சரி, உங்களுக்கும் தொண்டையில் ஏதோ நிற்கிறது, அதனால்தான் வந்தீர்கள் என்றால் உட்காருங்கள். மெதுவாகத்தான் சொல்வேன். வேகமாகச் சொல்லத் தெம்பு இல்லை.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து ஆரம்பித்தது. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் தொண்டைக்குழியில் நின்றுவிடும். தண்ணீர் ஊற்றித் தள்ள வேண்டும். பிறகு கஞ்சி மட்டும். அதுவும் பாதி டம்ளர். மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்தேன். சேலையைக் கட்டியிருக்கிறேனா, கொடியில் காயப் போட்டிருக்கிறேனா என்று நானே சொல்லிச் சிரித்தேன். மகள் கலா சிரிக்கவில்லை.

கிள்ளானில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். நீங்களும் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள், சோம்பல் படாதீர்கள். மலாய்க்கார டாக்டர் பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "தாக் அட அப்பா அப்பா, மக்சிக்" என்றாள். ஒன்றும் இல்லை ஆன்டி என்று அர்த்தம். அந்த ஒன்றும் இல்லாத இடத்தில்தான் என் சோறு நின்றுகொண்டிருந்தது.

துக்கம் சிலருக்குத் தொண்டையில் வந்து உட்காரும் என்றாள். இன்னும் எடை குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றாள். எனக்குக் குழாய் மட்டும் காதில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துக் கலா சொன்னாள்:

"மா, செவ்வாக்கெழம லீவு போட்டுட்டேன். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கவுன்சிலர பாக்கப் போறோம். என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிடணும், சரியா?"

எனக்குத் தெரிந்த கவுன்சிலர் நகராட்சிக் கவுன்சிலர்தான். தெருவிளக்கு எரியாவிட்டால் போவோம், குப்பை லோரி வராவிட்டால் போவோம். என்னிடம் இருந்த ஒரே புகார், வீட்டுக்குப் பின்னால் லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டு நாறுவது. கைப்பேசியில் நான்கு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். கிள்ளான் சாக்கடைக்குப் பிரிக்பீல்ட்ஸில் என்ன வேலை என்று கேட்க நினைத்தேன். பெரிய கையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கொமுட்டர் ரயிலில் போனோம். கடைவீட்டு மாடி. ஏறுவதற்குள் இரண்டு தடவை படியில் உட்கார்ந்தேன். கலா வெளியே இருந்தாள். உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க பெண், பெயர் மாலினி. மேசையில் டிஷ்யூ பெட்டி. லோங்காங்குக்காக இங்கே வந்து அழுகிறவர்கள்கூட இருக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டேன்.

"சொல்லுங்க ஆன்டி, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?"

"லோங்காங்குலேருந்தே ஆரம்பிக்கலாம் மேடம்." படங்களை நீட்டினேன்.

கைப்பேசியை வாங்கிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எப்போலேருந்து ஆன்டி அடைச்சிருக்கு?"

"அஞ்சு மாசமா."

"அதுக்கு முன்ன யாரு கிளீன் பண்ணுவாங்க?"

வாயைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைக்கால் சட்டையோடு மூங்கில் கழியை வைத்துக் குத்திக்கொண்டு நிற்பாரே, அவர்தான் என்று சொல்ல வேண்டும். அதற்குள் கை டிஷ்யூவுக்குப் போய்விட்டது. பெட்டி எதற்கென்று அப்போது புரிந்தது.

அழுது முடித்த பிறகுதான் சொன்னாள். "நான் அந்தக் கவுன்சிலர் இல்ல ஆன்டி. மனசுல உள்ளத பேச உதவி செய்யுறவ."

"தெரிஞ்சிருச்சுலா. லோங்காங் ஆளு இவ்ளோ நேரம் கேக்க மாட்டாங்க."

அதன்பின் செவ்வாய்தோறும் போனேன். மருந்து தரவில்லை. புத்தி சொல்லவில்லை. கேட்பாள், காத்திருப்பாள். அவ்வளவுதான். அதற்கே வீடு திரும்பும்போது மூட்டை தூக்கியது போல உடம்பு வலிக்கும். மூன்று வாரம் நான் வேடிக்கையாகவே பேசி ஒப்பேற்றினேன். நாலாவது வாரம் அலுத்துப்போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் போன அன்று காலை சாப்பாட்டு மேசையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னமோ அடைக்குது" என்றார்.

"நாலு தோசை உள்ள போனா அடைக்காம? ஒரு ஏப்பம் விடுங்க, தொறந்துக்கும்" என்றேன்.

அடுப்படிக்குப் போய்த் திரும்பினேன். சாய்ந்திருந்தார்.

கடைசியாக என்ன பேசினீர்கள் என்று சாவு வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கலாவிடம்கூட நான் சொல்லவில்லை.

உங்கள் மேல் தப்பில்லை என்று மாலினி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவள் வேறொன்று கேட்டாள்:

"நீங்க சொன்னதுக்கு அவரு என்ன சொன்னாரு ஆன்டி?"

ஆறு மாதமாக நான் பேசியதை மட்டுமே மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பக்கம் போகவே இல்லை.

"ஏப்பம் விட்டாரு," என்றேன். "பொய் ஏப்பம். தெருவுக்கே கேக்குற மாதிரி. 'தொறந்துக்கிச்சு, இன்னொன்னு போடு'ன்னாரு."

அந்த இன்னொன்றைப் போடத்தான் நான் அடுப்புக்குப் போனேன்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாரம் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே கஞ்சி குடித்தவள், மெல்ல மெல்ல அவருடைய மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். குழாய் போடவில்லை. மூன்று கிலோ திரும்பி வந்திருக்கிறது, மீதி வழியில் எங்கோ நிற்கிறது. ஒரு தோசைக்கு அரை மணி நேரம் ஆகிறது. முன்பு அந்த நேரத்தில் பாசாருக்கே போய்க் காய்கறி வாங்கி வந்துவிடுவேன். இப்போது தொண்டை, நெஞ்சு, வயிறு என்று ஒவ்வொரு வாயும் இறங்குவது தெரிகிறது. எழுபத்தொரு வயதுவரை அப்படி ஒரு பாதை உள்ளே இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

செவ்வாய் தவறாமல் எங்கே போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். "கவுன்சிலர பாக்க. அடைப்பு" என்று எல்லோரிடமும் ஒரே பதில். பக்கத்து வீட்டு ராஜம் மட்டும் வேலியை விட்டு நகரவில்லை.

"லோங்காங்க நீங்களே குத்தி விட்டுட்டீங்களேக்கா. இப்ப நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது."

"எனக்கும் ஒரு எடத்துல அடைச்சிருக்குக்கா," என்றாள்.

"படம் எடுத்து வச்சிருக்கியா?"

விழித்தாள்.

"வேணாம், சும்மாவே வா. செவ்வாக்கெழம எட்டு மணி ரயிலு" என்றேன்.